தீவாந்தரமும் தொழிலும்: சென்னை மாகாணத்திலிருந்து நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கைதிகள் அனுப்பப்பட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆட்சியில் இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட கைதிகளைப் பற்றிப் பேசும்போது அந்தமானே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தமான் நிலையான தண்டனைத் தீவாக அமைவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் சென்னை மாகாணத்தார் கணிசமாக இருந்தனர். குற்றவாளியை அச்சுறுத்துவதற்காக ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட இத்தண்டனை, நடைமுறையில் வருவாய் குறைந்த துறைமுக நகரங்களுக்குத் தொழிலாளரை வழங்கும் ஏற்பாடாகவே இயங்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தீவாந்தரம், நீரிணைக் குடியேற்றங்கள், பினாங்கு, பெங்கூலன், சிங்கப்பூர், கைதித் தொழிலாளர், தண்டல், மெட்ராஸ் சுண்ணாம்பு.

முன்னுரை

'தீவாந்தரம்' என்னும் சொல் தமிழில் வேறு தீவு, தொலைவான தீவு என்னும் பொருளை உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஒரு தண்டனையின் பெயராயிற்று. தீவாந்தர சிட்சை, தீவாந்தரத்துக்கு அனுப்புதல் என்னும் வழக்குகள் நீதிமன்றத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்கும் பரவின. அந்தத் தீவு எது என்பதை அச்சொல் சொல்வதில்லை. அனுப்பப்பட்டவர்களின் ஊராருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. போனவர் திரும்பமாட்டார் என்பதே அவர்களைப் பொறுத்தவரை செய்தி.

இக்கட்டுரை அந்தத் தீவுகளின் பக்கமிருந்து இவ்வரலாற்றை நோக்குகிறது. 1790 முதல் 1860 வரை நீரிணைக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்ட இந்தியக் கைதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 15,000 என ஆய்வாளர்களால் மதிப்பிடப்படுகிறது. கேர்னியல் சிங் சந்து மலாயா இந்தியரைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூல், மொரீசியசுக்கு அனுப்பப்பட்ட கைதிகளைப் பற்றிக் கிளேர் ஆண்டர்சன் 2000இல் வெளியிட்ட நூல், ஆனந்த் யாங்கின் ஆய்வுகள் ஆகியவை இத்துறைக்கு அடித்தளமாக உள்ளன. தமிழில் மருது சகோதரர்களின் வரலாற்றை ஒட்டிப் பினாங்கு பேசப்படுகிறது. அதற்கு அப்பால், பெயர் அறியப்படாத சாதாரணக் கைதிகளின் உழைப்பு தமிழ்நாட்டு வரலாற்று எழுத்தில் உரிய இடத்தைப் பெறவில்லை.

சான்றுகளைப் பற்றி ஒன்றைத் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். இக்கைதிகளின் வாழ்க்கையை விரிவாகக் கூறும் முதன்மையான நூல் ஜே.எஃப்.ஏ. மெக்நேர் 1899இல் வெளியிட்டதாகும். சிங்கப்பூரில் கைதிகளின் கண்காணிப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். தாம் நடத்திய சிறை சிறப்பாக நடந்தது என்று நிறுவுவதே அந்நூலின் நோக்கம். ஆகவே தொழில்நுட்பச் செய்திகளுக்கு அதை நம்பலாம். கைதிகள் மனநிறைவோடு இருந்தனர் என்று அது கூறும் இடங்களில் ஐயத்துடன் படிப்பதே முறை.

தண்டனையின் தோற்றம்

குற்றவாளிகளைக் கடல் கடத்தும் வழக்கத்தைக் கும்பினியார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றம் 1718இல் இயற்றிய சட்டத்தின்படி ஏறத்தாழ 50,000 பேர் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்க விடுதலைப் போர் அவ்வழியை அடைத்தது. பிறகு 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு 1,60,000 பேர் அளவில் கொண்டு செல்லப்பட்டனர். இதே காலப்பகுதியில்தான் இந்தியாவிலும் இத்தண்டனை வேரூன்றியது. வங்காளத்திலிருந்து 1787இல் சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்த பெங்கூலனுக்குக் கைதிகள் அனுப்பப்பட்டனர். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அந்தமானில் ஒரு குடியேற்றத்தை அமைத்தபோது அங்கும் கைதிகள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். நோயும் சாவும் மிகுந்தமையால் 1796இல் அக்குடியேற்றம் கைவிடப்பட்டது. அங்கிருந்த கைதிகள் ஊர் திரும்பவில்லை, பினாங்குக்கு மாற்றப்பட்டனர்.

இந்த மாற்றத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஓர் இடத்தைக் கும்பினியார் விட்டு நீங்கும்போது பண்டகசாலைப் பொருள்களைப் போலவே கைதிகளும் அடுத்த இடத்துக்கு ஏற்றப்பட்டனர். இது பின்னரும் இருமுறை நிகழ்ந்தது.

இத்தண்டனைக்கு ஆட்சியாளர் கூறிய காரணம் வேறு. கடலைக் கடந்தால் சாதி கெடும் என்று இந்தியர் அஞ்சுவதால், கடல் கடத்துவது தூக்குக்கு அடுத்தபடியான, சிலருக்குத் தூக்கினும் கொடிய தண்டனையாகும் என்று கருதப்பட்டது. மெக்காலே இடம்பெற்றிருந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் அளித்த அறிக்கையும் இவ்வச்சத்தை உயர்வாக மதிப்பிட்டது. 'கறுப்புத் தண்ணீர்' என்னும் இக்கருத்து கங்கைச் சமவெளியில் எவ்வளவு பொருந்தியது என்பது ஒருபுறம் இருக்க, சோழமண்டலக் கரைக்கு அது அப்படியே பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகூர் ஆகிய துறைகளிலிருந்து மரக்காயர்களும் பிற வணிகர்களும் தலைமுறை தலைமுறையாக மலாய்க் கரைக்குச் சென்று வந்தனர். பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கும்பினிக் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளிலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்களும் கூலியாட்களும் அங்கு குடியேறிவிட்டனர். தமிழ்க் கைதி விலங்கோடு இறங்கிய துறையில் அவன் மொழி பேசும் கடைக்காரர் இருந்தார். எனவே சென்னை மாகாணத்தாரைப் பொறுத்தவரை தண்டனையின் கடுமை கடலில் இல்லை. அது காலவரையறையற்ற பிரிவிலும் கட்டாய உழைப்பிலும் இருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

1802: அரசியல் கைதிகளும் ஏனையோரும்

தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்குச் சென்றவர்களில் நன்கு அறியப்பட்டவர்கள் 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய தலைவர்களும் அவர்களைச் சார்ந்தோருமாக எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். அப்போது அவர் சிறுவர்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் துரைசாமியைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. போருக்கு முன் சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றவர் வெல்ஷ். பின்னர் அதே சின்ன மருதுவை எதிர்த்த படையில் பணியாற்றினார். தூத்துக்குடியில் கைதிகள் ஏற்றப்பட்டபோதும் அவர் அங்கு இருந்தார். 1818இல் அவர் பினாங்குக்குச் சென்றிருந்தபோது, வயதுக்கு மீறி முதுமை அடைந்திருந்த ஒருவர் அவரைக் காண வந்தார். வந்தவரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் தம் பெயரைச் சொன்ன பிறகே துரைசாமி என உணர்ந்து மனம் கலங்கியதாக எழுதுகிறார். இடையில் கழிந்தவை பதினாறு ஆண்டுகள். அப்பதினாறு ஆண்டுகள் ஓர் உடலை என்ன செய்தன என்பதற்குக் கிடைக்கும் மிகச் சில நேர்ச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. அதுவும் எழுதியவருக்குத் துரைசாமியை முன்பே தெரிந்திருந்தமையால் மட்டுமே நமக்குக் கிடைத்தது.

ஏனைய கைதிகளுக்கு இத்தகைய சாட்சி வாய்க்கவில்லை. கொலை, கொள்ளை, வழிப்பறி ஆகிய குற்றங்களுக்காக அனுப்பப்பட்டோரே மிகுதி. ஆனால் பாளையக்காரர் ஆட்சி முறை குலைந்து, காவல் உரிமைகள் பறிக்கப்பட்டு, நிலவரி இறுகிய காலத்தில் 'கொள்ளை' எனப் பதிவு செய்யப்பட்டவை எல்லாம் ஒரே தன்மையின அல்ல. முன்னாள் காவற்காரர் தம் பழைய உரிமையைக் கேட்டுப் பெறுவதும் புதிய சட்டத்தில் கொள்ளை என்றே பெயர் பெற்றது.

பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு

பெங்கூலனில் 1818 முதல் 1824 வரை ஆளுநராக இருந்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அங்கிருந்த கைதிகளை மூன்று வகுப்பினராகப் பிரித்தார். நன்னடத்தையுடைய முதல் வகுப்பினர் நிலம் பெற்றுக் குடியமரவும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் அனுமதிக்கப்பட்டனர். இரண்டாம் வகுப்பினர் பொதுவேலைகளில் அமர்த்தப்பட்டனர். மூன்றாம் வகுப்பினர் கடுவேலை செய்து இரவில் அடைத்து வைக்கப்பட்டனர். இது இரக்கத்தால் விளைந்த சீர்திருத்தம் என்று பாராட்டப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் ஆள் குறைந்த ஓர் ஊரில், கைதியை நிலையான குடியாக மாற்றுவது ஆட்சிக்கும் ஆதாயமே.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேய - டச்சு உடன்படிக்கையின்படி பெங்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. கைதிகள் மீண்டும் ஏற்றப்பட்டனர். 1825 ஏப்ரல் 18 அன்று சென்னையைச் சேர்ந்த 80 கைதிகள் சிங்கப்பூரில் வந்திறங்கினர். ஒரு வாரம் கழித்து வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். சிங்கப்பூரின் கைதி வரலாறு இந்த 202 பேருடன் தொடங்குகிறது. அதாவது, முதலில் இறங்கியவர்கள் சென்னைக் கணக்கில் இருந்தவர்கள். 'சென்னைக் கணக்கு', 'வங்காளக் கணக்கு' என்று மாகாணம் சுட்டிப் பதிவேட்டில் எழுதுவதே அக்கால வழக்கம்.

சுங்கமில்லாத் துறைமுகத்தின் சிக்கல்

சிங்கப்பூருக்குக் கைதிகள் ஏன் அவ்வளவு தேவைப்பட்டனர்? விடை அதன் வருவாய் அமைப்பில் உள்ளது. சிங்கப்பூர் சுங்கவரி இல்லாத துறைமுகம். அதன் வளர்ச்சிக்குக் காரணமும் அதுவே, அதன் கருவூலம் மெலிந்திருந்ததற்குக் காரணமும் அதுவே. அபினி, சாராயம் ஆகியவற்றின் குத்தகைகளே அரசின் முதன்மையான வருவாய். துறைமுகக் கட்டணம் விதிக்கலாம் என்னும் யோசனை எழுந்தபோதெல்லாம் வணிகர்கள் எதிர்த்துத் தடுத்தனர். சதுப்பு நிலம் மேடாக வேண்டும், சாலைகள் காட்டுக்குள் செல்ல வேண்டும், பாலங்கள் கட்டப்பட வேண்டும். இவற்றுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை.

இந்த இடைவெளியைக் கைதிகளின் உழைப்பு நிரப்பியது. 1833இல் ஜார்ஜ் கோல்மன் என்னும் கட்டடக் கலைஞர் பொதுப்பணிகளுக்கும் கைதிகளுக்கும் சேர்த்து ஒரே கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். இரு பொறுப்புகளும் ஒரே பதவியாக இருந்தது தற்செயலன்று. கைதிகளே பொதுப்பணித்துறையாக இருந்தனர். வடக்குப் பாலச் சாலை, தெற்குப் பாலச் சாலை ஆகியவையும் தீவின் உட்பகுதிக்குச் சென்ற நெடுஞ்சாலைகள் பலவும் அவர்கள் கைபட்டு உருவானவை. சிராங்கூன் சாலையருகே 1858இல் தொடங்கப்பட்ட செங்கற்சூளையை அவர்களே நடத்தினர். தம்மை அடைக்கும் பிராஸ் பாசா சிறையையும் அவர்களே கட்டினர். தீப்பிடித்த வீடுகளை அணைக்கவும், சாலை அமைக்கும் காடுகளில் ஆட்களைக் கொன்ற புலிகளை வேட்டையாடவும் அவர்கள் அனுப்பப்பட்டனர்.

ஆஸ்திரேலியாவுடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. அங்குக் கைதிகளில் பெரும்பாலோர் தனிக் குடியேறிகளின் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டனர். தண்டனைக் காலம் முடிந்ததும் அதே சமுதாயத்தில் நிலவுடைமையாளராக உயரும் வாய்ப்பும் சிலருக்கு இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களிலும் தொடக்கக் காலத்தில் கைதிகள் தனியார் வீடுகளுக்கு வேலையாட்களாக விடப்பட்டதுண்டு. ஆனால் பெரும்பங்கு உழைப்பு அரசின் கையிலேயே இருந்தது. இதனால்தான் தம்மைக் கைதி என்று சொல்லிக்கொள்ளாமல் 'கும்பினி வேலைக்காரர்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இக்கைதிகளிடம் இருந்தது. ஆனந்த் யாங் இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்துள்ளார். அதில் தற்பெருமை மட்டும் இல்லை, உண்மை நிலையைப் பற்றிய சரியான கணிப்பும் உண்டு.

சுண்ணாம்பும் சுவரும்

கைதிகளின் உழைப்பில் எழுந்தவற்றுள் இன்றும் கண்ணால் காணக்கூடியது சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயம். அதை வரைந்தவர் ரொனால்டு மெக்ஃபெர்சன். 1856 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1861 அக்டோபரில் முதல் வழிபாடு நடந்தது. அதன் உட்சுவர்ப் பூச்சைப் பற்றி மெக்நேர் தரும் செய்முறை தமிழ் ஆய்வாளருக்குத் தனியே பயன்படும்.

கிளிஞ்சலைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பில் மணல் சேர்க்கப்படவில்லை. முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து பசையாகும்வரை அடித்தனர். தேங்காய் மட்டைகள் ஊறிய நீரை அதில் சேர்த்துப் பூசினர். பூச்சு காய்ந்தபின் படிகக்கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ தேய்த்து, இடையிடையே மாக்கல் தூளைத் தூவி, பளபளப்பு வரும்வரை மெருகேற்றினர். அங்கு இதற்கு வழங்கிய பெயர் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்பதே.

செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சை அறிந்தவர்களுக்கு இச்செய்முறை புதிதன்று. வெண்கரு, வெல்லம், அரைத்த சுண்ணாம்பு, கல்லால் தேய்த்து மெருகேற்றுதல் ஆகிய கூறுகள் இரண்டுக்கும் பொது. கடல் கடந்து சென்றவர் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கைத்தொழில் அறிவைச் சுங்கச்சாவடியில் பறிக்க முடியாது. சென்னையின் கொத்தர் மரபு, இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயச் சுவரில் விலங்கணிந்த அல்லது விலங்கு கழற்றப்பட்ட கைகளால் பூசப்பட்டது. ஆயினும் அப்பேராலயத்தைப் பற்றிய பொதுவான குறிப்புகளில் வரைந்தவரின் பெயர் உண்டு, பூசியவர்களின் பெயர் இல்லை.

1855இல் முடிந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்திலும், 1867 - 1869இல் மெக்நேரின் வரைபடத்தின்படி எழுந்த ஆளுநர் மாளிகையிலும் கைதிகளின் உழைப்பு பயன்பட்டது. அம்மாளிகையே இன்று இஸ்தானா என வழங்கும் குடியரசுத் தலைவர் மாளிகை.

கைதியைக் காக்கும் கைதி

1827இல் பினாங்கில் வகுக்கப்பட்ட விதிகளும், ஆளுநர் பட்டர்வொர்த் காலத்தில் 1845இல் அவற்றைத் திருத்தி அமைத்த விதிகளும் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தன. புதிதாக வந்தவர் நான்காம் வகுப்பில் சேர்க்கப்பட்டார். நடத்தை நன்றாக இருந்தால் மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்து சாலைகளிலும் கட்டடங்களிலும் வேலை செய்தார். மேலும் உயர்ந்தால் இரண்டாம் வகுப்பில் சிற்றலுவலராகவோ மருத்துவமனை, அலுவலகப் பணியாளராகவோ ஆனார். முதல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுப் பெற்று வெளியே வாழ்ந்து பிழைத்துக்கொள்ளலாம். தவறு செய்தவரும் தப்பியோடக் கூடியவர் எனக் கருதப்பட்டவரும் ஐந்தாம் வகுப்பில் கனத்த விலங்குடன் வைக்கப்பட்டனர். முதியோரும் நோயாளரும் ஆறாம் வகுப்பினர்.

இவ்வமைப்பின் மையம் இரண்டாம் வகுப்புச் சிற்றலுவலர். கைதிகளைக் கண்காணிக்கத் தனியே காவலர்களை அமர்த்தாமல், கைதிகளிலிருந்தே மேற்பார்வையாளர்களைத் தேர்ந்தெடுத்தனர். மெக்நேரின் நூல் தலைப்பே இதைக் குறிப்பதுதான். இச்சிற்றலுவலர்க்கு ஆங்கிலப் பதிவுகள் தரும் பெயர்களுள் ஒன்று 'டிண்டல்'. இது தென்னிந்தியக் கரையின் 'தண்டல்' என்னும் சொல்லின் திரிபு. படகின் தலைவனைத் தண்டல் என்பது நம் கடற்கரை வழக்கு. கப்பல் தொழிலாளரிடமிருந்து கும்பினி அலுவலகங்களுக்குச் சென்று, அங்கிருந்து சிறைக்குள் புகுந்துள்ளது. வரி தண்டுவதும் தண்டல்தான் என்பதால், தமிழ்க் கைதியின் காதில் அச்சொல் இருமடங்கு அதிகாரத்தோடு ஒலித்திருக்கக் கூடும்.

இவ்வேற்பாடு ஐரோப்பியச் சிறைச் சீர்திருத்தவாதிகளின் கருத்துக்கு முற்றிலும் மாறானது. அவர்கள் தனியறையையும் மௌனத்தையும் வலியுறுத்திய காலத்தில், சிங்கப்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைச் சில ஐரோப்பிய அலுவலர்களும் கைதித் தண்டல்களும் நிருவகித்தனர். தச்சு, கொல்லு, கல்தச்சு, நெசவு, தையல், அச்சு, ஒளிப்படக்கலை என்று பல தொழில்கள் சிறைக்குள் கற்பிக்கப்பட்டன. மெக்நேர் இதை நம்பிக்கையின் வெற்றி என்கிறார். சிக்கனத்தின் வெற்றி என்றும் சொல்லலாம். ஆயினும் நம்பிக்கை என்ற கூறு முற்றிலும் போலி என ஒதுக்குவதும் நேர்மையாகாது. விலங்கு கழற்றப்படும் நாளை எதிர்நோக்கி உழைக்கும் ஒருவருக்கு ஏணியின் படிகள் உண்மையானவையே.

நெற்றியும் பெயரும்

ஏணியில் எவ்வளவு உயர்ந்தாலும் அழியாத ஒன்று நெற்றிக் குறி. குற்றத்தின் பெயரை நெற்றியில் பச்சை குத்தும் வழக்கம் இந்தியச் சிறைகளில் 1849இல் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. அனுமதிச் சீட்டுப் பெற்று ஊருக்குள் வாழ்ந்த பழைய கைதிகள் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினர் என்னும் செய்தியைக் கிளேர் ஆண்டர்சன் எடுத்துக்காட்டுகிறார். நீரிணை நகரங்களில் தலைப்பாகை ஒரு காலத்தில் ஆவணத்தை மறைக்கும் துணியாகவும் இருந்தது.

இதனோடு தொடர்புடைய ஒரு மக்கள் வழக்காற்றையும் இங்குத் திருத்த வேண்டும். தென்னிந்தியரைக் குறிக்க மலாய் மொழியில் வழங்கிய 'கெலிங்' என்னும் சொல், கைதிகளின் கால்விலங்கு எழுப்பிய 'கிளிங் கிளிங்' ஓசையிலிருந்து வந்தது என்று மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் பலர் நம்புகின்றனர். அச்சொல் கலிங்கம் என்பதிலிருந்து தோன்றியது. கைதிக் கப்பல்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செஜாரா மெலாயு முதலிய மலாய் நூல்களில் அது வழங்குகிறது. சொற்பிறப்பு பிழை என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பிழை ஏன் தோன்றியது என்பது ஆய்வுக்குரியது. பின்வந்த தலைமுறையினர் ஓர் இழிசொல்லுக்கு விளக்கம் தேடியபோது விலங்கின் ஓசை அவர்கள் நினைவில் இருந்திருக்கிறது. வேறு எந்தப் பதிவும் இல்லாத இடத்தில் இதுவும் ஒருவகைச் சான்றே.

விடுதலை பெற்ற கைதிகளில் பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினர். மாட்டுவண்டி ஓட்டியும் பால் விற்றும் கட்டட வேலை செய்தும் பிழைத்தனர், உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் பிற்காலத்தில் செங்கல் சுண்ணாம்புக் கட்டடமாக விரிவுபட்டதில் முன்னாள் கைதிகளின் கைத்திறன் உண்டு என நம்பப்படுகிறது.

வணிகர்களின் எதிர்ப்பு

1850களில் சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள் கைதிகளின் வரவை எதிர்க்கலாயினர். இந்தியாவின் குப்பைத்தொட்டியாகத் தம் நகரம் ஆக்கப்படுகிறது என்பது அவர்கள் முறையீட்டின் சாரம். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிச் செய்தி எட்டியதும் அச்சம் பெருகியது. நீரிணைக் குடியேற்றங்களை இந்திய அரசிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று அவ்வாண்டு நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். கைதிச் சிக்கலும் அதன் காரணங்களுள் ஒன்று.

இவ்விண்ணப்பக்காரர்களின் சரக்குகள் சென்ற சாலைகளைப் போட்டவர்கள் யார் என்பதை மறந்துவிட முடியாது. துறைமுகக் கட்டணம் கட்ட மறுத்தவர்களும் அவர்களே, கட்டணமின்றி நகரத்தைக் கட்டிய கைதிகளை அவமானமாகக் கருதியவர்களும் அவர்களே. நகரம் ஓரளவு எழுந்து முடிந்த பிறகுதான் இந்த அவமான உணர்ச்சி வலுப்பெற்றது.

1860க்குப் பின் நீரிணைக் குடியேற்றங்களுக்குப் புதிய கைதிகள் அனுப்பப்படவில்லை. 1867 ஏப்ரல் 1 அன்று அவை பிரித்தானிய அரசின் நேரடிக் குடியேற்றமாயின. 1873இல் கைதி நிறுவனம் மூடப்பட்டது. தண்டனை முடியாத கைதிகள் மூன்றாம் முறையாக, இம்முறை அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1796இல் பினாங்கை நோக்கித் தொடங்கிய பயணம் எதிர்த்திசையில் முடிந்தது. இதற்கு ஓராண்டு முன்புதான் சென்னை மாகாணத்திலிருந்து நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் செல்வதை இந்தியச் சட்டம் முறைப்படி அனுமதித்திருந்தது. கைதிகள் அரசின் சாலைகளுக்கும், ஒப்பந்தக் கூலிகள் தனியார் தோட்டங்களுக்கும் சென்றவர்கள். ஆகவே ஒன்றின் இடத்தை மற்றொன்று நேரடியாக நிரப்பியது என்று கூற இயலாது. அதே கரை, அதே கடல்வழி என்பதைக் குறித்துக்கொள்வது போதும்.

அந்தமானும் அதன் பின்னும்

1858 மார்ச் 10 அன்று ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கியதிலிருந்து அந்தமான் இந்தியாவின் தண்டனைத் தீவாயிற்று. அதன் கதை விரிவாக எழுதப்பட்டுள்ளது. 1906இல் முடிந்த செல்லுலர் சிறையின் தனியறைகள், கைதிகள் கூட்டமாகத் தங்கித் தொழில் செய்த சிங்கப்பூர் முறைக்கு நேர் எதிரானவை. மலபாரில் 1921இல் கிளர்ந்த மாப்பிள்ளைமார் பலரும் அந்தமானுக்கே அனுப்பப்பட்டனர்.

வ.உ. சிதம்பரனாருக்கு 1908இல் விதிக்கப்பட்டதும் தீவாந்தர தண்டனையே. ஆனால் அவர் கடல் கடக்கவில்லை. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அடைக்கப்பட்டு, கோயம்புத்தூரில் செக்கிழுத்தார். அக்காலத்தில் தண்டனையின் பெயர் ஒன்றாகவும் அதை நிறைவேற்றும் இடம் வேறாகவும் இருக்கலாயிற்று என்பதற்கு இது சான்று. தீவு இல்லாமலே தீவாந்தரம் நிகழ்ந்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து 'ஆயுட்காலத் தீவாந்தரம்' என்னும் தொடரை நீக்கி, அதனிடத்தில் 'ஆயுட்காலச் சிறை' என்று எழுதிய திருத்தம் 1955இல் வந்தது. பினாங்கில் வெல்ஷைச் சந்தித்தபின் துரைசாமி எத்தனை ஆண்டு வாழ்ந்தார், 1825இல் சிங்கப்பூரில் இறங்கிய அந்த எண்பது பேர் எந்தெந்த ஊரினர் என்னும் கேள்விகளைக் கொண்டு சென்னை ஆவணக் காப்பகத்தின் நீதித்துறைப் பதிவுகளையும் சிங்கப்பூரில் பாதுகாக்கப்படும் நீரிணைக் குடியேற்றப் பதிவுகளையும் இணைத்துப் படிக்கும் பணி தமிழறிந்த ஆய்வாளர்களுக்கு உரியது. ஆங்கில எழுத்தர் தம் செவிக்கேற்பச் சிதைத்து எழுதிய ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் மீட்டெடுக்க அவர்களாலேயே இயலும்.